ரசீது இல்லாமல் தாத்தாவின் தங்க வாட்சைக் கொடுக்காதீர்கள்

தென்மேற்குப் பருவமழை குன்னூரில் இறங்கிவிட்டால் போதும், இரண்டு வாரத்துக்குள் யாராவது ஒருவர் கைக்குட்டையில் சுற்றிய பழைய வாட்சோடு என் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுகிறார். ஊர் வேறு, பெட்டி வேறு, கதை மட்டும் ஒன்று. பீரோவை ஒழித்தபோது கிடைத்தது. அப்பா எஸ்டேட்டில் கணக்குப்பிள்ளை. தங்கம் என்று அம்மா சொல்லியிருக்கிறார். கடையில் ரிப்பேருக்குக் கொடுத்தோம். இப்போது கடைக்காரர் வேறு மாதிரிப் பேசுகிறார். "ரசீது எங்கே?" என்று கேட்டால் சற்று நேரம் பேச்சிருக்காது. பிறகு, "தெரிஞ்ச கடைதானுங்க சார்" என்பார்கள்.

அக்கம்பக்கத்தாருக்கு மனு எழுதிக் கொடுப்பதைப் பல வருடங்களாகச் செய்கிறேன். பட்டா, ஓய்வூதியம், ரேஷன் கார்டு என்று வருபவற்றோடு ஒப்பிட்டால் வாட்ச் மனுக்கள் சொற்பம். ஆனால் தோற்றுப்போகிற மனுக்களில் அவைதான் முன்னால் நிற்கின்றன. சட்டத்தில் வழியில்லாமல் தோற்பதில்லை. கொடுத்த பொருள் இன்னதுதான் என்று காட்ட ஒரு துண்டுச் சீட்டு, ஒரு படம்கூட இல்லாமல் தோற்கின்றன.

போன மழைக்காலத்தில் கோத்தகிரிப் பக்கத்திலிருந்து ஒரு பெண்மணி வந்தார். இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பம். 1964-இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு இந்த மலைக்கு வந்து தேயிலைத் தோட்டங்களில் குடியேறியவர்களில் ஒருவர் அவருடைய மாமனார். இலங்கையில் அவருக்குக் கிடைத்த ஒரு சாவி கொடுக்கும் வாட்சை இடுப்பில் முடிந்துகொண்டு கப்பல் ஏறினாராம். அதைச் சுத்தம் செய்யக் கொடுத்து வாங்கியபோது டயல் அதே டயல், வெளிக்கூடு மட்டும் வேறு. மூடியின் உட்புறத்தில் முன்பு ஏதோ முத்திரை இருந்தது என்று அவருக்கு நினைவு இருக்கிறது. என்ன முத்திரை என்று நினைவில்லை. எடை தெரியாது. படம் இல்லை. ரசீது இல்லை. காவல் நிலையத்தில் "இது சிவில் மேட்டர்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுத்த மனு அதே காவல் நிலையத்துக்கே போய், "விசாரித்து முடிக்கப்பட்டது" என்று திரும்பி வந்தது. விசாரித்ததாகச் சொல்லப்படுபவர் இந்த அம்மாளிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனாலும் அந்த மனுவை நடத்த என் கையிலும் எதுவும் இல்லை.

பழுது பார்க்கலாமா, வேண்டாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். அதற்கு முன் கையில் இருப்பது என்ன பொருள் என்று தெரிய வேண்டும். அது தெரியாமல் கடை வாசல் மிதிக்கக் கூடாது.

முதலில் வீட்டில் செய்ய வேண்டியவை. நின்றுபோன வாட்ச் கிடைத்ததும் ஓடுகிறதா பார்க்கலாம் என்று சாவி கொடுக்காதீர்கள். உள்ளே எண்ணெய் காய்ந்து பிசினாகியிருக்கும். அந்த நிலையில் ஓடினால் சக்கரங்களின் ஊசிமுனைகள் தேய்ந்துபோகும். சில நேரம் நன்றாகவே ஓடும், ஓடுகிறதே என்று மகிழ்ந்து மாதக்கணக்கில் கட்டிக்கொள்வார்கள். சர்வீஸோடு போயிருக்க வேண்டியது அப்படித்தான் பெரிய செலவாகிறது. கண்ணாடிக்குள் பனி படிந்திருந்தால் அரிசிப் பானையில் போடுகிறார்கள், அடுப்பு மேடையில் வைக்கிறார்கள். இரண்டும் தவறு. அரிசித் தூசி உள்ளே போகும். சூட்டில் டயலின் பெயின்ட் வெடிக்கும். இந்த மலையில் வாட்சின் எதிரி ஈரம். சாவி திருகும் குமிழ் வழியாகத்தான் அது உள்ளே நுழையும். முதலில் குமிழின் தண்டு துருப்பிடிக்கும், பிறகு முடியைவிட மெல்லிய ஹேர்ஸ்பிரிங். ஈரம் தெரிந்தால் காத்திருக்காமல் நல்ல மெக்கானிக்கிடம் திறக்கக் கொடுங்கள். அதுவரை ஒரு டப்பாவில், மருந்து பாட்டிலில் வரும் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு போட்டு வையுங்கள்.

அடுத்து படம். முன்பக்கம், பின்பக்கம், குமிழ் இருக்கும் பக்கவாட்டு, பட்டை மாட்டும் காதுகள். நாலு படம், பகல் வெளிச்சத்தில், செல்போனில். எடுத்த அன்றே குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டுவிடுங்கள். தேதியோடு அங்கே கிடக்கட்டும்.

அந்தக் குடும்ப வாட்ஸ்அப்பில்தான் அடுத்த வேலையும். அப்பாவின் வாட்ச் மூத்த மகனுக்கு என்பது வழக்கம், சட்டம் இல்லை. உயில் இல்லாமல் ஓர் இந்து ஆண் இறந்தால் 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன்கள், மகள்கள், அவருடைய தாய் உயிரோடிருந்தால் தாய், எல்லாருக்கும் சம பங்கு. கிறிஸ்தவக் குடும்பம் என்றால் 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம். மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்கு. முஸ்லிம் குடும்பங்களுக்கு அவர்களுடைய தனிச் சட்டம். ரிப்பேர் செய்வதற்கோ விற்பதற்கோ முன்னால் "இன்ன வாட்சை இன்னார் வைத்துக்கொள்ள எங்களுக்குச் சம்மதம்" என்று ஒரு வெள்ளைத்தாளில் எழுதி எல்லாரும் கையெழுத்திட்டால் போதும். இதற்காக வாரிசு சான்றிதழ் கேட்டு இ-சேவை மையத்துக்கும் தாலுகா அலுவலகத்துக்கும் அலைகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு வாட்சுக்கு அது தேவையில்லை. வீடு, வங்கிக் கணக்கு என்று வேறு சொத்துக்குத் தேவைப்பட்டால் வாங்குங்கள்.

இனி அது தங்கமா என்பது. பின்மூடியை வீட்டில் கத்தி முனையால் நெம்பாதீர்கள். கடையில், உங்கள் கண்ணெதிரில், சரியான கருவியால் திறக்கச் சொல்லுங்கள். மூடியின் உட்புறத்தைப் படம் எடுங்கள். உங்களுக்கான பதிலில் பாதி அங்கே இருக்கிறது.

நான் பார்த்த ஒரு மூடியைச் சொல்கிறேன். அரை விரல் நகத்தளவு இடத்தில் வரிசையாக முத்திரைகள்: ஒரு நங்கூரம், ஒரு 9, பக்கத்தில் .375, பிறகு ஒரு தனி எழுத்து. நங்கூரம் என்றால் இங்கிலாந்தின் பர்மிங்காம் சோதனைக்கூடம். அந்தத் தனி எழுத்து எந்த ஆண்டு முத்திரை குத்தினார்கள் என்பதைக் காட்டும். 9-உம் .375-உம் ஒன்பது காரட். ஆயிரத்தில் 375 பங்கு தங்கம். சிறுத்தைத் தலை இருந்தால் லண்டன். ஸ்விட்சர்லாந்துக் கூடுகளில் ஒரு பெண்ணின் தலை இருந்தால் 18 காரட், அணில் இருந்தால் 14 காரட். 1995 வரை அங்கே அதுதான் வழக்கம். அந்த முத்திரைகளுக்குக் கீழே, லென்ஸ் வைத்துப் பார்த்தால் மட்டும் தெரிகிற மாதிரி, ஊசியால் கீறிய எண்களும் எழுத்துகளும். ஒவ்வொரு முறை சர்வீஸ் செய்யும்போதும் பழைய மெக்கானிக்குகள் தங்கள் அடையாளத்தை அப்படிக் கீறி வைப்பார்கள். அந்த வாட்சில் ஆறு கீறல்கள். அதன் சொந்தக்காரர் அதை எவ்வளவு ஒழுங்காகப் பராமரித்திருக்கிறார் என்று அந்த ஆறும் சொல்லின.

இதற்கு மாறாக "ஜி.பி.", "ஆர்.ஜி.பி.", "ஜி.எஃப்.", "20 மைக்ரான்", "ரோல்டு கோல்டு" என்று ஆங்கிலத்தில் இருந்தால் முலாம் அல்லது மேலே ஒட்டிய தங்கத் தகடு. "10 ஆண்டு உழைக்கும்", "20 ஆண்டு உழைக்கும்" என்று உத்தரவாதம் பொறித்திருந்தாலும் அதுவேதான். முழுத் தங்கத்துக்கு யாரும் ஆண்டுக் கணக்கில் உத்தரவாதம் தரமாட்டார்கள். பின்மூடியில் "ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்" என்று இருந்தால் பின்மூடி இரும்பு. முன்பக்கம் பெரும்பாலும் முலாம்தான். பட்டை மாட்டும் காதுகளின் முனையிலும் குமிழிலும் மஞ்சள் தேய்ந்து வெள்ளையோ செம்போ தெரிகிறதா பாருங்கள். அறுபதுகளுக்குப் பிறகு இங்கே வாங்கிய மஞ்சள் வாட்சுகளில் நான் பார்த்தவை அநேகமாக எல்லாம் முலாம். 1963-இல் தங்கக் கட்டுப்பாடு வந்தது, 14 காரட்டுக்கு மேல் புது நகை செய்யவே தடை இருந்த காலம் அது. 1961-இல் பெங்களூரில் தொடங்கிய எச்.எம்.டி. வாட்சுகளில் பலர் கல்யாணத்துக்கு ஆசைப்பட்டு வாங்கிய காஞ்சன்கூட முலாம் பூசியதுதான்.

டயலில் "17 ஜுவல்ஸ்" என்று இருப்பதைப் பார்த்து உள்ளே மாணிக்கக் கல் இருப்பதாக நினைத்து வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவை சக்கர முனைகள் தேயாமலிருக்க வைக்கும் செயற்கைக் கற்கள். விற்கப்போனால் அவற்றுக்கு விலை கிடையாது.

முத்திரை தேய்ந்திருந்தால், அல்லது முத்திரையை நம்பத் தயக்கமாக இருந்தால், சோதனை. உரைகல்லும் அமிலமும் கூட்டில் தழும்பு விடும். "அரத்தில் ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்துடலாம்" என்று சொல்லும் கடையில் வாட்சை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுங்கள். இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ். அங்கீகாரம் பெற்ற ஹால்மார்க் மையங்களுக்குப் பொதுமக்களே தங்கள் நகையை நேரில் கொண்டுபோய்ச் சோதிக்கலாம் என்று 2022-இல் அறிவித்தார்கள். அப்போது அறிவித்த கட்டணம் நான்கு உருப்படி வரை 200 ரூபாய், ஐந்தும் அதற்கு மேலும் என்றால் உருப்படிக்கு 45 ரூபாய். கோவைக்கு இறங்கினால் மையங்கள் இருக்கின்றன, முகவரி பி.ஐ.எஸ். கேர் செயலியில் கிடைக்கும். போகும் முன் போனில் "வாட்ச் கேஸ் சோதிப்பீர்களா, எக்ஸ் கதிர் மெஷினில் பார்ப்பீர்களா, உருக்கிப் பார்ப்பீர்களா" என்று கேட்டுக்கொள்ளுங்கள். உருக்கும் சோதனை வேண்டாம். கதிர்ச் சோதனை மேற்பரப்பைத்தான் படிக்கும் என்பதையும் மறக்காதீர்கள். தடித்த தங்கத் தகடு ஒட்டிய கூட்டை அது தங்கம் என்றே காட்டிவிடலாம். அதனால் முத்திரை, தேய்மானம், சோதனை மூன்றையும் சேர்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும். சோதனை அறிக்கையைக் காகிதமாக வாங்குங்கள். வாயால் சொன்னது எந்த அலுவலகத்திலும் செல்லாது.

ஒரு வதந்தியையும் இங்கேயே அடக்கிவிடுகிறேன். ஆறு இலக்க ஹால்மார்க் எண் இல்லாத தங்கத்தை விற்கவே முடியாது, அரசு எடுத்துக்கொள்ளும் என்று சொல்லி, பாதி விலைக்குக் கேட்கிறார்கள். 2021 ஜூனில் தொடங்கிய கட்டாய ஹால்மார்க், 2023 ஏப்ரலில் வந்த ஆறு இலக்க எண் எல்லாம் நகைக்கடை விற்பதற்கான விதிகள். வீட்டில் இருக்கும் பழைய பொருளை நீங்கள் கடைக்கு விற்பதை அவை தடுக்கவில்லை.

எடை. இதில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள், அதனால் பொறுமையாகப் படியுங்கள். வாட்சை முழுதாகத் தராசில் வைத்துச் சொல்லும் எடை எதற்கும் உதவாது. மெஷின், கண்ணாடி, டயல் எல்லாம் அதில் சேர்ந்திருக்கும். மெஷினையும் கண்ணாடியையும் கழற்றிவிட்டு, வெறும் கூட்டை, உங்கள் முன்னால் நிறுக்க வேண்டும். கூடு 8 கிராம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சவரன் எடை என்று மனம் குதிக்கும். ஆனால் ஒன்பது காரட்டில் 8 கிராமுக்கு உள்ளே இருக்கும் சுத்தத் தங்கம் 3 கிராம். 22 காரட் சவரனில் 7.3 கிராமுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். அதே 8 கிராம் 18 காரட் என்றால் 6 கிராம். அன்றைய சுத்தத் தங்க விலையை இந்த எண்ணோடு பெருக்குங்கள். உருக்கினால் அதிகபட்சம் அவ்வளவுதான், அதிலும் கழிவு போகும். அதற்காக அப்பா பெயர் பொறித்த கூட்டை உருக்க மனம் வருமா என்பதை அந்த எண்ணைப் பார்த்த பிறகு யோசியுங்கள். விற்பதென்றே முடிவு செய்தாலும் பழந்தங்கமாக நிறுத்துப் போடும் முன், பழைய வாட்ச் வாங்குகிற இரண்டு பேரிடமாவது முழு வாட்சாக விலை கேளுங்கள். பெயர் பெற்ற கம்பெனியின் மெஷினும் மாற்றப்படாத டயலும் இருந்தால், கூட்டின் தங்கத்தைவிட அவற்றுக்கு விலை அதிகமாக இருப்பதுண்டு.

இப்போது மெஷின். மெக்கானிக்கிடம் கேட்க வேண்டியது இதுதான்: பேலன்ஸ் வீல் தானாக ஆடி அடங்குகிறதா, அல்லது ஒரு பக்கம் சாய்ந்து தட்டுகிறதா? துரு தண்டோடு நிற்கிறதா, ஹேர்ஸ்பிரிங்குக்கும் ஏறிவிட்டதா? மெஷின் எண் என்ன? அந்த எண் பேலன்ஸ் வீலுக்குக் கீழே அல்லது அதன் பக்கத்தில் பொறித்திருக்கும். எழுதி வாங்குங்கள், உதிரி தேட அதுதான் முகவரி. உதிரி கைவசம் இருக்கிறதா, வேறு வாட்சை உடைத்து எடுப்பீர்களா? கழற்றிய பழைய உதிரியைத் திருப்பித் தருவீர்களா?

கழற்றி, கழுவி, எண்ணெய் விட்டு, நேரம் சரிசெய்யும் வேலைக்கு ஆகும் உழைப்பு தங்கக் கூட்டுக்கும் முலாம் கூட்டுக்கும் ஒன்றேதான். கூடு தங்கம் என்று தெரிந்ததும் ரிப்பேர் கூலியை ஏற்றிச் சொல்லும் கடையை விட்டுவிடுங்கள்.

என் முடிவுகளைச் சொல்கிறேன். கூடு முழுத் தங்கம், மெஷின் நல்ல கம்பெனி, துரு தண்டோடு நின்றிருக்கிறது: தயங்காமல் பழுது பாருங்கள். முலாம் கூடு, சாதாரண மெஷின்: பணக் கணக்கில் அது தேறாது, கையில் கட்ட ஒருவர் வீட்டில் இருந்தால், அல்லது அதன் டிக் டிக் கேட்க ஒருவர் ஆசைப்பட்டால் செய்யுங்கள், செலவுக்கு ஓர் உச்சவரம்பு வைத்துக்கொண்டு. தங்கக் கூடு, ஆனால் ஹேர்ஸ்பிரிங் துருவேறி உதிரி கிடைக்காத மெஷின்: துருவை நிறுத்தும் அளவுக்குச் சுத்தம் செய்து அப்படியே வைத்திருங்கள். "உள்ளே பேட்டரி மெஷின் போட்டுத் தர்றேன், காலத்துக்கும் ஓடும்" என்பார்கள். போடாதீர்கள். கழற்றிய பழைய மெஷின் உங்கள் கைக்குத் திரும்பி வருவது அபூர்வம், கூட்டையும் அதற்காக ராவியிருப்பார்கள்.

பாலிஷும் வேண்டாம். டயலுக்குப் புதுப் பெயின்டும் வேண்டாம். என் அப்பாவின் வாட்சில் நான் செய்த தவறு அது. தேயிலை ஃபேக்டரியில் டீ மேக்கராக இருந்தவர். பளபளவென்று வரட்டும் என்று கொடுத்தேன். பளபளவென்றுதான் வந்தது. பின்மூடியில் பொறித்திருந்த அவருடைய இனிஷியல் ஒரு நிழல் போலத் தெரிகிறது, காதோரம் இருந்த முத்திரை சுத்தமாக இல்லை. பாலிஷ் சக்கரம் எடுப்பது தங்கத்தைத்தான். திரும்பவும் சொல்கிறேன், பாலிஷ் வேண்டாம் என்று ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள்.

ரசீதுக்கு வருகிறேன். கடையின் பெயர், முகவரி, தேதி அச்சிட்ட தாளில் இவ்வளவும் இருக்க வேண்டும்: வாட்சின் பெயர், கூட்டின் உள் முத்திரைகள், கூட்டு எண், மெஷின் எண், கூட்டின் எடை, தற்போதைய நிலை, செய்யப்போகும் வேலை, செய்யக் கூடாத வேலை, மதிப்பிட்ட கூலி, கொடுத்த முன்பணம், திருப்பித் தரும் தேதி, கடைக்காரர் கையெழுத்து. ஒரு கிழிந்த அட்டையில் "வாட்ச் 1" என்று எழுதித் தருவது ரசீதாகாது. கடைக்காரர் எழுத மறுத்தால் நீங்களே எழுதி, படங்களோடு கடையின் வாட்ஸ்அப் எண்ணுக்கு, "இன்று உங்களிடம் கொடுத்த வாட்ச் இது" என்று அங்கேயே நின்று அனுப்புங்கள். முன்பணத்தை ஜிபே-யில் போடுங்கள். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், செய்த சேவைக்கு உரிய முறையில் பில்லோ ரசீதோ தராமலிருப்பதே முறையற்ற வணிக நடைமுறைகளில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. ரசீது கேட்பது அவமரியாதை என்று நினைக்க வேண்டாம். நல்ல மெக்கானிக் அதைக் கேட்டால் சந்தோஷப்படுவார், ஏனென்றால் அது அவருக்கும் பாதுகாப்பு.

கொடுத்த பொருளைக் கவனமாகப் பார்த்துத் திருப்பித் தருவது கடையின் கடமை. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 148-ஆம் பிரிவிலிருந்து இது இருக்கிறது. சாதாரண விவேகமுள்ளவர் தன் சொந்தப் பொருளை எப்படிக் காப்பாரோ அப்படிக் காக்க வேண்டும் என்பது 151. உரிய நேரத்தில் திருப்பித் தராவிட்டால் அதன் பிறகு நேரும் இழப்புக்குக் கடையே பொறுப்பு என்பது 161. கூலி தரும்வரை வாட்சைப் பிடித்துவைக்கக் கடைக்கு உரிமை உண்டு, அது 170. அதனால் கூலியைத் தராமல் சண்டை போடாதீர்கள். ஆனால் பிடித்துவைக்கும் அந்த உரிமை விற்கும் உரிமை ஆகாது. "30 நாளில் பெறாவிட்டால் கடை பொறுப்பல்ல" என்று மாட்டிய பலகையைப் பார்த்து உங்கள் உரிமையை விட்டுவிட வேண்டாம். அதேபோல, சொன்ன தேதிக்குப் போய் வாங்காமல் மூன்று வருடம் கழித்துப் போய் நிற்கவும் வேண்டாம். இந்த மாவட்டத்தில் நான் பார்த்த தகராறுகளில் பாதி அப்படி வந்தவை.

கெடுத்துவிட்டார்கள், தாமதிக்கிறார்கள், தர மறுக்கிறார்கள் என்றால் வழி இது. முதலில் எழுத்தில் கேளுங்கள். ஒரு பக்கக் கடிதம், 15 நாள் அவகாசம், ஸ்பீடு போஸ்டில், ஒப்புகையோடு. அஞ்சல் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்து எண் வாங்குங்கள். சில கடைகள் அதிலேயே இறங்கி வந்துவிடும். வராவிட்டால் உதகமண்டலத்தில் உள்ள நீலகிரி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கலெக்டர் அலுவலகத் திங்கட்கிழமை மனு இதற்கு மாற்று இல்லை. அங்கே கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்து காலத்தைத் தொலைக்காதீர்கள். கடை கோவையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் ஊரின் ஆணையத்திலேயே புகார் தரலாம். வக்கீல் கட்டாயமில்லை. எந்த ஆணையம், என்ன கட்டணம் என்பதை நிர்ணயிப்பது நீங்கள் கொடுத்த கூலியின் தொகை. வாட்சின் மதிப்பு இல்லை. கூலி ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. எந்த வாட்ச் ரிப்பேரும் அதற்குள்தான் வரும். புகாரில் தேதி வாரியாக நடந்ததை எழுதி, ரசீது, படங்கள், பணம் செலுத்திய சான்று, கடிதம், ஒப்புகை இவற்றின் நகல்களையும் ஒரு பிரமாண வாக்குமூலத்தையும் இணைத்து, என்ன வேண்டும் என்பதைத் தெளிவாகக் கேளுங்கள்: வாட்ச் திரும்ப வேண்டுமா, பணமா, இழப்பீடா. "தக்க நடவடிக்கை எடுக்குமாறு" என்று முடிக்காதீர்கள். இ-ஜாக்ரிதி தளத்திலும் பதியலாம். காலக்கெடு இரண்டு ஆண்டு. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு, இதைக் காலண்டரில் குறித்து வையுங்கள். உதவி வேண்டுமானால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, எண் 15100. பெண்களுக்கு வருமானம் பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு.

கூட்டை மாற்றிவிட்டார்கள், வாட்சே இல்லை என்கிறார்கள் என்றால் அது குற்றம். நம்பி ஒப்படைத்த பொருளைக் கையாடுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 316-ஆம் பிரிவு. காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள். "சிவில் மேட்டர்" என்று சொல்லிப் பதிய மறுத்தால் வாதாட வேண்டாம். அதே புகாரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்புங்கள். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(4) அதற்கு வழி தருகிறது, அதன் பிறகும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று ரேடியம். இன்று வண்டியில் ஒட்டும் "ரேடியம் ஸ்டிக்கர்" என்பதில் ரேடியம் கிடையாது. ஆனால் அறுபதுகளுக்கு முந்தைய, இருட்டில் ஒளிர்ந்த வாட்சுகளின் முள்ளிலும் எண்ணிலும் பூசியது பெரும்பாலும் உண்மையான ரேடியம். இப்போது பழுப்பேறி, ஒளிராமல் இருக்கும். ஒளிராததால் செத்துவிட்டது என்று நினைக்காதீர்கள். களைத்தது ஒளிரும் பொடி மட்டும், ரேடியம் பாதியாகக் குறையவே 1,600 ஆண்டு ஆகும். அமெரிக்காவில் இந்தப் பூச்சைத் தீட்டும்போது தூரிகையை உதட்டில் வைத்துக் கூராக்கிய இளம்பெண்கள் தாடை அரித்துச் செத்தார்கள். கண்ணாடி உடையாமல் பெட்டியில் இருக்கும் வாட்சைக் கண்டு பதற வேண்டாம். அதைத் திறந்து ஊதுவதும், பிளேடால் சுரண்டுவதும்தான் ஆபத்து. மெக்கானிக்கிடம் கொடுக்கும்போது "இது ரேடியம் டயலாக இருக்கலாம்" என்று சொல்லிக் கொடுங்கள். அந்தத் தூசியை முதலில் சுவாசிக்கப்போவது அவர்தான்.

மற்றொன்று வெளிநாடு. மகனிடம் கொடுத்து லண்டனில் சரிசெய்யலாம் என்று அனுப்பும் முன் வாட்சின் வயதைப் பாருங்கள். நூறு ஆண்டு தாண்டிய பொருள் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தின் பிடிக்குள் வரக்கூடும். தொல்பொருளைத் தனியார் நாட்டுக்கு வெளியே கொண்டுபோகத் தடை. அந்த எல்லையில் இருக்கும் வாட்ச் என்றால் இந்தியத் தொல்லியல் துறையிடம் தொல்பொருள் அல்ல என்ற சான்று வாங்கிக்கொண்டு போங்கள், விமான நிலையத்தில் நின்று அழ வேண்டாம். உள்நாட்டில் அனுப்புவதாக இருந்தாலும் மதிப்பைச் சொல்லிக் காப்பீடு செய்த தபாலில் அனுப்புங்கள், வெறும் கூரியரில் வேண்டாம்.

கோத்தகிரி அம்மாளின் மாமனார் வாட்ச் இன்னும் அந்த வேற்றுக் கூட்டோடுதான் இருக்கிறது. அந்த அம்மாளின் தங்கை மகள் பந்தலூரிலிருந்து இந்த மாதம் வந்தாள், அவள் வீட்டிலும் ஒன்று இருக்கிறதாம், அதே கப்பலில் வந்தது. பின்மூடி திறந்த படத்தைக் கையோடு கொண்டுவந்திருந்தாள். முலாம்தான். "பரவாயில்லீங்க ஐயா, ஆயா அத காதுல வச்சுக் கேக்கணும்னு சொல்லுது" என்றாள். ரசீதில் என்னென்ன எழுத வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். மூன்று நாள் கழித்து அவள் அனுப்பிய படத்தில் கூட்டு எண், மெஷின் எண், "பாலிஷ் கூடாது", திருப்பித் தரும் தேதி எல்லாம் இருந்தன. கையெழுத்து மட்டும் இல்லை. திரும்பப் போய் வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன்.